ஆளோலையும் விடுதலைச் சீட்டும்

தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்ட வழக்குகளுள் ஒன்று திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்ததாகும். புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை நோக்கி, 'நீ எனக்கு அடிமை' என்று முதியவர் ஒருவர் வழக்குத் தொடுக்கிறார். சான்றாக ஓர் ஓலையைக் காட்டுகிறார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிபட்டது படியோலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறுகிறார். அவையினர் அப்போதும் அவசரப்படவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டு, ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புரைக்கின்றனர்.

இஃது இறைவன் தன் அன்பரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு. அவ்வடிமை பேறாக எண்ணப்படும் அடிமை. அதன் சமயப் பொருளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் சேக்கிழார் காலத்து உலகியல் இவ்வரலாற்றின் பின்னணியில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு உரியவன் என்று கூற ஓர் ஓலை போதும். அவ்வோலை மெய்யா பொய்யா என்று சோதிக்க, மற்றோர் ஓலை எவராலோ காக்கப்பட்டிருத்தல் வேண்டும். எழுத்து கட்டவும் வல்லது. கட்டை அவிழ்க்கவும் வல்லது.

மனிதரை ஏமாற்றி அழைத்துச் சென்று விற்பதும், கடனைக் காட்டிக் கட்டிவைத்து வேலை வாங்குவதும் இன்று குற்றங்கள். எல்லையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கடப்பதும் குற்றமே. இக்குற்றங்கள் தொடர்பான வழக்குகளைக் கணக்கெழுதிக் காப்பது வெறும் அலுவலக வேலையா, அறக்கடமையா? அறக்கடமை எனின், அக்கணக்கு எவர் பக்கம் நின்று எழுதப்பட வேண்டும்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

எல்லை நகர்ந்த ஊர்

விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த நம் ஹனூரிலிருந்தே தொடங்கலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தது. பின்னர் ஹனூரே ஒரு வட்டத்தின் தலைமையிடமாயிற்று. வீட்டு வாயிலை விட்டு ஓர் அடியும் எடுத்து வைக்காத தமிழ்க் குடும்பங்கள், ஒரே இரவில் வேறு மாநிலத்து ஏடுகளில் எழுதப்பட்டன. இதே வட்டத்து ஒடெயர்பாளையத்தில் 1970-களில் குடியமர்த்தப்பட்ட திபெத்தியரோ தாயகத்தையே துறந்து வந்தவர்கள். பதிவுச் சான்றைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வாழ்ந்து வந்தவர்கள். முன்னவர் நிற்க ஏடு நகர்ந்தது. பின்னவர் நகர்ந்து ஏட்டைத் தேடினர். குடிபெயர்ந்தவன் யார் என்பதைக் கால்கள் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை ஹனூர்க்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மழையை நம்பிய நிலங்கள் சூழ்ந்த ஊர்களில், பிழைப்பு நாடி வெளியூர் செல்வது புதிதன்று. கல்லுடைக்கும் இடம், செங்கற்சூளை, கரும்பு வெட்டு, காப்பித் தோட்டம் என்று குடும்பத்தோடு செல்வோர் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் கூலி பெற்று நலமாகத் திரும்புகின்றனர். சிலருக்கு மட்டும் புறப்படும் நாளில் மேஸ்திரி கொடுத்த முன்பணம் காலில் பூட்டிய விலங்காகிவிடுகிறது. அந்த முன்பணம் எழுதப்பட்ட குறிப்பேடு மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும். வாங்கியவனிடம் ஒரு துண்டுத் தாளும் இராது. மருந்துச் செலவு, அரிசிச் செலவு, வாராத நாளுக்கு வெட்டு என்று அக்குறிப்பேட்டில் தொகை வளரும். இன்றைய ஆளோலை அதுவே. ஆரூரருக்காவது கிழித்தெறிய ஓர் ஓலை கையில் கிடைத்தது.

2000-ஆம் ஆண்டில், நமக்கு அண்மையிலுள்ள மாண்டியா மாவட்டத்து ஹங்கரஹள்ளிக் கல்குவாரியில் தொழிலாளர் சிலர் காலில் சங்கிலி பூட்டி வேலை வாங்கப்பட்ட செய்தி வெளிவந்தது. நாட்டையே உலுக்கிய செய்தி அது. ஆயினும் அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1976-இல், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒவ்வொன்றும் நான்கு பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. விடுவிக்கப்பட்டோரின் பெயரும் முகவரியும் முதலாவது. அவர்தம் தொழிலும் வருவாயும் இரண்டாவது. அவர்கள் பெற்ற நிலம், கடன், பயிற்சி முதலிய உதவிகள் மூன்றாவது. சட்டத்தின் கீழ்த் தொடுக்கப்பட்ட வழக்குகளின் விவரம் நான்காவது. பெறப்பட்டது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவன் தலைமேல் வைத்தது. தொழிலாளியிடம் தாள் இராது என்பதை அறிந்தே சட்டம் செய்தோர் இவ்வாறு செய்தனர். மேஸ்திரியின் குறிப்பேட்டுக்கு எதிராக அரசு ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் உட்பொருள்.

ஆண்டவர் எழுதிய கணக்கு

குடிபெயர்ந்த ஏழையைப் பற்றிக் கணக்கெழுதும் பழக்கம் விடுதலை பெற்ற இந்தியாவில் தொடங்கியதன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அந்நாட்டுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை கப்பற்பட்டியலில் எழுதப்பட்டது. இவ்வளவு நுணுக்கமான ஏட்டில், அவனிடம் ஆள்பிடிப்பவன் சொல்லிய பொய்யை எழுத ஒரு கட்டம் இல்லை.

பிஜித் தீவின் கதையும் இத்தகையதே. 1879-இல் அங்குக் கூலிக் கப்பல்கள் செல்லத் தொடங்கின. 1903 முதல் சென்னையிலிருந்தும் சென்றன. அங்குக் குடியேற்ற அலுவலர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். முதலாளிகள் கூலிகள் மேல் தொடுத்த வழக்குகள் இத்தனை, கூலிகள் முதலாளிகள் மேல் தொடுத்த வழக்குகள் இத்தனை, தண்டனை பெற்றோர் இத்தனை பேர் என்று வரிசைப்படுத்தினார். வேலைக்கு வாராமையும், குறித்த அளவு வேலையை முடியாமையும், சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுதலும் அங்குக் குற்றங்கள். ஆகவே குற்றவாளிகள் பெரும்பாலும் கூலிகளாகவே இருந்தனர். அவர்கள் மேல் வந்த வழக்குகள் தண்டனையில் முடிவது வழக்கம். அவர்கள் கொண்டுவந்த வழக்குகள் சிலவே, அவற்றுள் வென்றவை அவற்றினும் சில. குடிபெயர்வுக் குற்றம் பற்றிய வழக்குக் கணக்கு என்று நாம் இன்று கூறுவது, தன் தொடக்க காலத்தில், ஏமாற்றப்பட்டவனையே குற்றவாளியாக எண்ணிய கணக்காக இருந்தது.

எனினும் இங்கு ஒரு வியப்பு உண்டு. 1915-இல் சி. எஃப். ஆண்ட்ரூஸும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் பிஜிக்குச் சென்று ஆராய்ந்து, மறு ஆண்டு தம் அறிக்கையை வெளியிட்டனர். தோட்டங்களில் தாம் கண்டதையும் கேட்டதையும் கூறியதோடு, அரசே எழுதி வைத்த தற்கொலைக் கணக்கையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஆண்டவர் தம் வசதிக்காக எழுதிய எண்கள் ஆண்டவருக்கு எதிராகவே சாட்சி கூறின. 1917-இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920-ஆம் ஆண்டின் முதல் நாளில் நீக்கப்பட்டன. எழுதியவன் நோக்கம் எதுவாயினும், கணக்கு மெய்யாக எழுதப்பட்டிருப்பின் அது ஒருநாள் எளியவன் பக்கம் வந்து நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எழுதப்படாமையே குற்றமாதல்

எழுதப்பட்டதால் துன்புற்றோர் பிஜித் தமிழர் எனின், எழுதப்படாததால் துன்புற்றோர் இலங்கை மலையகத் தமிழர். கங்காணிகள் வழியே மன்னார்க் கரையிறங்கி, காடு மலை கடந்து நடந்து, காப்பியும் தேயிலையும் வளர்த்த தலைமுறைகள் அவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனாயினும் அவன் தந்தையும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும், அம்மண்ணில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறைகளில் பிறந்த குழந்தைகளின் பிறப்பை எழுதி வைக்க அக்காலத்தில் எவர் கவலைப்பட்டார்? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். உழைத்து உழைத்து முதுகு வளைந்தவனைக் 'கள்ளத்தோணி' என்று இழித்துரைக்கும் வழக்கமும் பரவிற்று. ஒருவன் தோணி ஏறியதே இல்லையாயினும், தாள் இல்லாமை ஒன்றே அவனைத் தோணியில் ஏற்றிவிட்டது.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று அது முடிவு செய்தது. அவ்வெச்சமும் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. இலங்கையில் எஞ்சியோர் துயர் சட்ட அளவில் தீர 2003-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேரெண்களைப் பங்கிடுவது எளிது. தனி மனிதனின் பிறப்பை அன்றே ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால் இப்பங்கீடு தேவைப்பட்டிராது.

இரு குற்றங்கள், இரு ஏடுகள்

இவ்வரலாறுகளிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. தாளின்றி எல்லை கடந்தவன் அரசின் ஆணையை மீறியவன்; ஏமாற்றி விற்கப்பட்டவனோ பிறரால் மீறப்பட்டவன். இவ்விருவரையும் ஒரே கட்டத்தில் எழுதினால், களவு கொடுத்தவனையும் கள்வனையும் ஒரே சிறையில் அடைத்ததாகும். 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஆள் கடத்தலுக்கு ஒரு நெறிமுறையும், குடிபெயர்வோரைக் கள்ளமாக எல்லை கடத்துவதற்கு வேறொரு நெறிமுறையும் ஏற்றது இதனாலேயே. வஞ்சகமோ வன்முறையோ கையாளப்பட்டிருப்பின், பாதிக்கப்பட்டவர் 'வருகிறேன்' என்று இசைந்தது பொருட்டாகாது என்று முன்னது கூறுகிறது. இந்தியா இவ்விரண்டையும் 2011-இல் ஏற்றுறுதி செய்தது. நம் நாட்டிலும் ஆள் கடத்தல் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வெளிநாட்டினர் வருகையும் தங்கலும் 2025-ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டப் புத்தகங்கள் பிரிந்துள்ளன; அவற்றின் கீழ் எழுதப்படும் கணக்கிலும், எழுதுவோர் மனத்திலும் அப்பிரிவு நிலைத்தல் வேண்டும்.

கணக்கு முறையிலேயே வேறொரு சிக்கலும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருப்பின், அவற்றுள் கொடியது எதுவோ அதன் தலைப்பில் மட்டும் அது எண்ணப்படும். ஒரே வழக்கை இருமுறை எண்ணாமலிருக்க இம்முறை வேண்டுவதே. ஆயினும் விற்கப்பட்டுக் கொலையுண்ட ஒருத்தி, கொலைக் கணக்கில் சேர்வாள்; விற்பனைக் கணக்கில் மறைந்துபோவாள். பெருங்கொடுமை சிறுகொடுமையை விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்டதில்தான் அவளை ஊரிலிருந்து அழைத்துச் சென்றவன் பெயர் இருந்திருக்கும்.

பத்து இலட்சம் என்னும் எண்

எண்ணாமையின் கேடு எத்தகையது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. மத்தியப் பிரதேசத்தில் அகப்பட்டிருந்த தமிழ்க் கொத்தடிமைகளுக்காக 1985-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கு வளர்ந்து, தமிழ்நாட்டிலேயே கொத்தடிமைகள் எத்தனை பேர் என்னும் வினாவாக விரிந்தது. நீதிமன்றம் அமர்த்திய ஆணையர் இருவர் 1995-இல் அறிக்கை அளித்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அரசு ஏற்ற எண்ணோ அதனினும் மிக மிகச் சிறியது. எவர் கணக்குச் சரி என்று இங்கு வழக்காட வேண்டியதில்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. 1976 முதல் ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த நான்கு பதிவேடுகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருப்பின், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு இடம் ஏது? ஏட்டில் இல்லாத குற்றம் நாட்டில் இல்லாத குற்றமாகிவிடுகிறது. அங்ஙனம் இல்லாமற் போவது அதிகாரத்தில் இருப்போர்க்கு வசதி, கல்லுடைப்பவனுக்கு அன்று.

இது பணத்தையும் தொடுவது. 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம், மீட்கப்பட்டோர்க்கு நிலைமைக்கேற்ப ஓர் இலட்சம் முதல் மூன்று இலட்சம் ரூபாய் வரை தர வகை செய்தது. முதலில் ஒரு சிறு தொகை உடனடியாகக் கிடைக்கும். முழுத் தொகையும் கைக்கு வருவது வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டது. வழக்கு எந்நிலையில் உள்ளது என்று எவரும் எழுதிப் பின்தொடராவிடின், அதன் விலையைக் குற்றவாளி கொடுப்பதில்லை, மீட்கப்பட்டவனே கொடுக்கிறான். மீண்டும் முன்பணம் கேட்டு அதே மேஸ்திரியின் வாயிலுக்கு அவன் செல்ல நேரின், பழி எவருடையது?

மறதியும் அருளன்றோ?

இங்கு இரண்டு தடைகளை எழுப்பலாம். இரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல.

பட்ட துன்பத்தை மறக்க விரும்புவோரின் பெயரை ஏட்டில் எழுதிக் காப்பது கொடுமைக்கு மேற்கொடுமை ஆகாதா என்பது முதல் தடை. விற்கப்பட்டு மீண்ட பெண்ணொருத்தி, தன் ஊரில் தலைநிமிர்ந்து வாழ விரும்புகிறாள். அவளுக்கு மறதியே மருந்து. இத்தடையில் நியாயம் உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. ஆயினும் மறக்கும் உரிமை துன்பப்பட்டவருடையது; துன்பம் செய்தவனுடையதன்று. அவள் பெயர் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். அவளை விற்றவன் பெயரும், அவன் மேல் வந்த வழக்கும், அதன் முடிவும் எவரும் காண இருக்கட்டும். நம் ஏடுகளில் பலகாலும் இது தலைகீழாகவே நடந்து வந்துள்ளது. கூலியின் தழும்பு எழுதப்பட்டது. ஆள்பிடித்தவனின் பொய் எழுதப்படவில்லை.

எண்ணிக்கை மனிதனை எண்ணாக்கிவிடும் என்பது இரண்டாம் தடை. இத்தனை வழக்குகள் பதிவு செய்தோம் என்று காட்டுவதற்காகவே வழக்குப் பதியும் அலுவலகமும் இருக்கக்கூடும். மீட்டவர்களின் தலையை எண்ணிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் அவர்களை மறந்துவிடுவதும் உண்டு. இதற்கு மருந்து எண்ணாமை அன்று. முடிவு வரை எண்ணுதல். தொடக்கத்தை மட்டும் எழுதும் கணக்கு விளம்பரம். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு, மீண்டவர் கைக்கு வந்த தொகை என்று இறுதி வரை செல்லும் கணக்கே அறத்தின் கணக்கு. விதைத்த நாளை எழுதி அறுத்த நாளை எழுதாத உழவனை நாம் கணக்கறிந்தவன் என்போமா?

நிறைவாக

பெரிய திட்டம் எதனையும் இக்கட்டுரை வகுக்க வரவில்லை. ஒவ்வொரு வழக்கின் ஏட்டிலும் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அழைத்துச் சென்றவன் யார்? என்ன சொல்லி அழைத்தான்? வழக்கு இன்று எந்நிலையில் உள்ளது? எவ்வாறு முடிந்தது? மீண்டவர் கையில் என்ன சேர்ந்தது? முதல் இரண்டும் கப்பற்பட்டியலில் இல்லாதவை. பின் மூன்றும் நம் காலத்தில் அடிக்கடி வெற்றிடமாக விடப்படுபவை.

இதில் தமிழ்ச் சங்கத்தார்க்கும் ஒரு பங்கு உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளிக்குக் கூலி விவரம் எழுதிய கைப்புத்தகம் தர வேண்டும் என்றும், அஃது அவன் மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறிற்று. அச்சட்டம் இன்று புதிய தொழிற்சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது; அதன் உள்ளக் கிடக்கை மட்டும் பழையதாகிவிடவில்லை. கன்னட நாட்டில் மீட்கப்படும் தமிழனின் விடுதலைச் சீட்டு கன்னடத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் மீட்கப்படும் ஹனூர்ப் பக்கத்துக் கன்னடனின் சீட்டு தமிழில் இருக்கும். தன்னை விடுவித்த தாளையே படிக்க இயலாதவன் எத்துணை விடுதலை பெற்றவன்? இரு மொழியும் அறிந்த நம்போன்றோர் ஹனூரில் எத்தனையோ பேர். அத்தாளை அவனுக்குப் படித்துச் சொல்லலாம், படியெடுத்து வைக்கலாம், வழக்கு நாளை நினைவூட்டலாம், அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதித் தரலாம். மொழித்தொண்டு என்பது இதுவும்தான்.

திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலையை ஒப்பிட மற்றோர் ஓலை காப்பில் இருந்தது. எவரோ ஒருவர், எந்த வழக்குக்கு உதவும் என்று அறியாமலே, அதனைப் பல்லாண்டு காத்து வைத்திருந்தார். அவர் பெயரைப் புராணம் கூறவில்லை. அவரைப் போன்றவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலும், மேஸ்திரியின் குறிப்பேடு மட்டுமே நாட்டின் ஒரே சாட்சியாக நில்லாது.